தடயம் விடாத முடக்கம்: வீட்டு மேசைக்கணினி இடையில் நின்றுபோவது ஏன்?

வீட்டு மேசைக்கணினிக்கு வரும் கோளாறுகளில் கண்டறிய மிகக் கடினமானது, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், திரையில் இருந்த காட்சி இருந்தபடியே நிற்க, சுட்டியும் விசைப்பலகையும் பதில் தராமல், இயந்திரம் முழுவதும் திடீரென உறைந்துவிடுவதாகும். ‘சிஸ்டம் ஹேங் ஆகிறது’ என்று சொல்லிப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவரப்படும் இத்தகைய கணினி, கடையில் இருக்கும் நேரம் முழுவதும் ஒழுங்காக ஓடிவிட்டு, வீடு திரும்பிய மறுநாள் மீண்டும் நின்றுவிடுவது வழக்கமாக நடப்பது. காரணம் பிடிபடாதபோது முதலில் சொல்லப்படும் வழி ‘ஃபார்மட் அடிப்பது’, அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது. அதற்கும் அடங்காவிட்டால் ராம், மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, எது பழுது என்று கடைசிவரை தெரியாமலேயே பெருந்தொகை செலவாகிவிடுகிறது. இந்தச் செலவு பெருமளவு தவிர்க்கக்கூடியது. காரணமின்றி உறையும் கணினி என்று ஒன்று இல்லை; காரணம் வெளிப்படுவதற்கான சூழல் எப்போதாவதுதான் கூடிவருகிறது, அவ்வளவே.

டாண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட அறிக்கையில், மென்பொருள் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரே செயலைச் செய்தால் ஒவ்வொரு முறையும் தவறாமல் வருபவை ஒரு வகை. மறுமுறை செய்துபார்த்தால் மறைந்துவிடுபவை இன்னொரு வகை. முதல் வகை சோதனையின்போதே பிடிபட்டுக் களையப்பட்டுவிடுவதால், நெடுநாள் பயன்பாட்டில் இருக்கும் இயந்திரத்தில் எஞ்சி நிற்பவை பெரும்பாலும் இரண்டாம் வகையே என்பது அவர் வாதம். வீட்டுக் கணினியின் முடக்கத்துக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே மென்பொருளோடு வன்பொருளும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துகொள்கிறது.

நீலத்திரை தோன்றி நிற்கும் கணினியோடு ஒப்பிட்டால், உறைந்து நிற்கும் கணினி ஏன் தடயம் விடுவதில்லை என்பது விளங்கும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல், தன் தரவில் நிகழக்கூடாத ஒன்று நிகழ்ந்திருப்பதைத் தானே கண்டுகொள்ளும்போது, மேற்கொண்டு சேதம் நேராதபடி எல்லாவற்றையும் நிறுத்தி, நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு நீலத்திரையைக் காட்டுகிறது; அந்தப் பதிவிலிருந்து எந்த இயக்கி, அதாவது வன்பொருளை இயக்கும் எந்தத் துணைமென்பொருள், தவறியது என்று பல நேரங்களில் கண்டுபிடித்துவிடலாம். முழு முடக்கத்திலோ பதிவு எழுதவேண்டிய கெர்னலே நின்றுவிடுகிறது. பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் இயக்கியபின் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரி சிவப்புக் குறியோடு தெரியும். அதைக் கண்டவுடன் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று முடிவுகட்டுவோர் பலர். உண்மையில் அந்த வரி, முந்தைய முறை கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே, அதுவும் மறுதொடக்கத்துக்குப் பிறகு, குறித்துவைக்கிறது. பொத்தானை அழுத்திய கையைத் தவிர வேறு எதையும் அது காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே விசாரணைக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டே: உறைந்த கணத்தில் கணினியின் எந்தப் பகுதி இன்னும் உயிரோடிருந்தது என்பது ஒன்று, எந்தெந்த வேளைகளில், எவ்வளவு இடைவெளியில் முடக்கம் வந்தது என்பது மற்றொன்று.

முதல் சான்றைத் திரட்ட எளிய சோதனை, அணைப்பதற்கு முன் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கைப் பார்ப்பது. அந்த விளக்கை விசைப்பலகை தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி இயங்குதளத்துக்குப் போய், அங்கிருந்து ‘விளக்கை ஏற்று’ என்ற கட்டளை திரும்பி வந்தால்தான் அது எரியும். எனவே திரை அசையாமல் இருந்தும் விளக்கு மாறிமாறி எரிந்தால் கெர்னல் உயிரோடிருக்கிறது, சிக்கல் வரைகலை அட்டையிலோ அதன் இயக்கியிலோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் வரைகலை இயக்கி மட்டும் புதிதாகத் தொடங்கப்பட்டு, திரை மீண்டுவிடக்கூடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, வரைகலைச் செயலி 2 வினாடிக்குமேல் பதில் தராவிட்டால் இயங்குதளமே அதை மீட்டமைக்க முயலும் ஏற்பாடு இருக்கிறது. அந்த மீட்பு நடந்ததற்கான 4101 என்ற எண்ணுள்ள பதிவுகள் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்தால் சந்தேகம் வலுப்படும்.

விளக்கும் மாறவில்லை என்றால் காதுக்குக் கிடைக்கும் சான்று ஒன்று உண்டு. பாட்டோ படமோ ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கணினி உறைந்தால், கடைசியாக ஒலித்த ஒரு துணுக்கு மட்டும் ரீங்காரம்போலத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பலர் கவனித்திருப்பர். ஒலிச் சில்லு நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு வட்டப் பகுதியிலிருந்து ஒலித்தரவை மையச்செயலியின் உதவியின்றித் தானே எடுத்து ஒலிக்கிறது. அந்தப் பகுதியைப் புதுத் தரவால் நிரப்பவேண்டிய மென்பொருள் நின்றுபோனதால், பழைய துணுக்கையே அது சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. ரீங்காரம் கேட்டால் மதர்போர்டுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது, நினைவகத்துக்கும் ஒலிச் சில்லுக்கும் இடையிலான பாதை வேலை செய்கிறது, மையச்செயலி மட்டுமே முன்னேறவில்லை என்று கொள்ளலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் இன்னொரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியே அழைத்துப் பார்த்து, பதில் வருகிறதா என்று சோதிப்பர். விண்டோஸில், ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பை முன்கூட்டியே செய்துவைத்தால், வலப்பக்கக் கண்ட்ரோலை அழுத்தியபடி ஸ்க்ரோல் லாக்கை இருமுறை தட்டி நீலத்திரையை வேண்டுமென்றே வரவழைக்கலாம். கெர்னல் சிறிதளவேனும் உயிரோடிருந்தால், தடயம் விடாத முடக்கம் தடயம் விடும் முடக்கமாக மாறிவிடும். இவ்வளவு பயனுள்ள வசதி இவ்வளவு குறைவாக அறியப்பட்டிருப்பது வருந்தத்தக்கது.

சுட்டி நகர்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் திறக்கவில்லை, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து எல்லாம் ஒரே மூச்சில் நடந்தேறுகிறது என்றால், பார்வை டிஸ்கின் பக்கம் திரும்பவேண்டும். ஹார்டு டிஸ்க் ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் பல வினாடிகள் திரும்பத் திரும்ப முயல்கிறது. அதுவரை அந்தத் தரவுக்காகக் காத்திருக்கும் மென்பொருள்கள் அனைத்தும் நின்றிருக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணிவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், மாற்றியமைக்கப்பட்ட பகுதிகள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் பகுதிகள் ஆகிய எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால், வேறு எந்தச் சோதனைக்கும் முன்பாகக் குடும்பப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துவிடவேண்டும். தரவு கடத்தலில் நேரும் பிழைகளைக் குறிக்கும் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை மட்டும் ஏறினால் பழுது பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் இருக்கிறது; மிகச் சிறிய செலவில் தீர்ந்துவிடும்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லாவிட்டாலும், அதற்குள்ளேயே ஒரு சிறு கணினியும் அதற்கான மென்பொருளும் இருக்கின்றன, அவற்றிலும் பிழை நேரும். க்ரூஷியல் எம்4 என்ற எஸ்.எஸ்.டி. வரிசையில், மின்சாரம் பெற்ற மொத்த நேரம் 5184 மணியைத் தாண்டியதும் எஸ்.எஸ்.டி. பதில் தராமல் நின்று, அணைத்து இயக்கினால் மீண்டு, பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை நின்றது. நேரத்தை எண்ணும் ஸ்மார்ட் எண்ணியைக் கையாள்வதில் இருந்த தவறே காரணம் என்று கண்டறியப்பட்டு, 2012 சனவரியில் திருத்தப்பட்ட உள்மென்பொருள் வெளியிடப்பட்டது. கடிகாரம் வைத்தாற்போல வரும் முடக்கம் எண்ணியொன்றின் வேலையாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. விண்டோஸ் 95-உம் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறையக்கூடியதாக இருந்தது. மில்லிவினாடிகளை 32 பிட்டில் எண்ணினால் அந்த எண்ணி நிரம்பிச் சுழிக்குத் திரும்புவது சரியாக அந்நாளில்தான்.

தூய மென்பொருள் காரணங்களில் முக்கியமானது முட்டுக்கட்டை நிலை: ஒற்றை வண்டி செல்லும் சந்தில் எதிரெதிரே நுழைந்துவிட்ட இரண்டு மாட்டுவண்டிகளைப்போல, இரு நிரல்கள் தத்தம் கைவசமுள்ள வளத்தை விடாமல், மற்றதன் கைவசமுள்ளதற்காகக் காத்திருப்பது. தனிப்பட்ட மென்பொருளுக்குள் இது நேர்ந்தால் அந்தச் சாளரம் மட்டும் நிற்கும். 5 வினாடி அதிலிருந்து பதில் இல்லாவிட்டால் விண்டோஸ் அதைப் ‘பதில் தரவில்லை’ என்று குறித்துவிடும். கெர்னலுக்குள் இயங்கும் இயக்கியில் நேர்ந்தால் கணினி முழுவதும் நிற்கும். அண்மையில் நிறுவிய இயக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஆகியவற்றை நீக்கிப் பார்ப்பதும், பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி அதே வேலையைச் செய்துபார்ப்பதும் இதற்குப் போதும். லினக்ஸிலும் அதேபோல உறைந்தால், ஃபார்மட் அடிப்பதால் பயன் எதுவும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

வன்பொருளுக்கு வந்தால் முதல் கவனத்துக்கு உரியது நினைவகம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றைய ராமின் அடிப்படை: ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்மின்தேக்கியில் தேங்கும் மின்னூட்டமாக இருக்கிறது, அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொன்றையும் படித்து மீண்டும் நிரப்பவேண்டும். 16 ஜிபி ராமில் இத்தகைய மின்தேக்கிகள் 13,700 கோடிக்கு மேல். அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று வேகமாகக் கசிந்தால், அந்த பிட்டில் அப்போது என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். படத்தின் ஒரு புள்ளியாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் நிறம் மாறும். சுருக்கிய கோப்பாக இருந்தால் பிரிக்கும்போது பிழை காட்டும். உலாவியின் பகுதியாக இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சரியும். கெர்னல் அடுத்துச் செல்லவேண்டிய முகவரியாகவோ ஒரு சுழற்சியை முடித்துவைக்கும் எண்ணாகவோ இருந்தால் கணினி நீலத்திரை காட்டும் அல்லது உறையும். ஆகவே முடக்கம் வரும் இடைவெளிகளில், வெவ்வேறு குறியெண்ணோடு நீலத்திரைகளும், தொடர்பில்லாத மென்பொருள்களின் சரிவுகளும் கலந்து வந்தால் நினைவகத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

இந்தப் பிழைகளுக்கு வானிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. இன்டெலின் மேயும் வுட்ஸும் 1970-களின் இறுதியில், சில்லுகளின் உறைப்பொருளில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்கள் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளை மாற்றுவதைக் காட்டியது முதல், கதிர்வீச்சால் வரும் தற்காலிகப் பிழைகள் ஐயமின்றி நிறுவப்பட்டவையே. ஆனால் கூகுளின் சேவையகங்களை ஆராய்ந்து டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுள் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட முடிவு வேறு திசையைக் காட்டியது: ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ராம் தட்டுகளில் பிழை காணப்பட்டது, அவற்றில் மிகுதியானவை வந்துபோகும் பிழைகள் அல்ல, பழுதான சில்லால் விளைந்த நிலைத்த பிழைகள் என்பதையே சான்றுகள் சுட்டின. பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே வலியுறுத்தியது. வன்பொருளால் ஒருமுறை சரிந்த கணினி மீண்டும் சரிவதற்கான வாய்ப்பு நூறு மடங்குவரை உயர்கிறது, நினைவகப் பழுது பெரும்பாலும் அதே இடத்திலேயே திரும்ப வருகிறது, மையச்செயலியின் வேகத்தை நிர்ணயித்ததைவிடச் சிறிதளவு கூட்டினாலே நம்பகத்தன்மை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்பவை அதன் முடிவுகள். வீட்டில் முடங்கும் கணினிக்கு வானத்தைக் குறைசொல்வதற்கு முன் ராமைக் கழற்றிப் பார்ப்பதே முறை என்பது இதிலிருந்து பெறப்படும்.

கழற்றிய ராமின் தங்கப்பூச்சு விளிம்பை ரப்பரால் தேய்த்து மீண்டும் மாட்டும் கடை வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது. விளிம்பில் படியும் மெல்லிய அழுக்குப் படலம் தொடுமுனையின் மின்தடையை உயர்த்துகிறது. கழற்றி அழுத்தி மாட்டும்போதே முனைகள் உராய்ந்து படலம் ஓரளவு நீங்கிவிடுகிறது. மென்மையான வெள்ளை ரப்பரைப் பயன்படுத்தி, துகள்களைத் துடைத்துவிட்டு, கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு செய்தால் தீங்கில்லை. கரடுமுரடான மை ரப்பர் தங்கப்பூச்சையே சுரண்டிவிடும். அடுத்ததாக, கணினியின் தொடக்கநிரலான பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 3200 என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் டி.டி.ஆர்.4 ராம்கள் பலவும் அந்த வேகத்தை எட்டுவது, தர நிர்ணயம் சொல்லும் 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் கொடுத்து இந்த அமைப்பை இயக்கும்போதுதான். அதை அணைத்து இயல்பு வேகத்தில் ஓட்டியதும் முடக்கம் மறைந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு மெம்டெஸ்ட்86+ போன்ற சோதனை நிரலைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓட்டலாம். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86-இலிருந்து கிளைத்த இந்த இலவச நிரல், விண்டோஸுக்கு வெளியே நின்று, வெவ்வேறு பிட் கோலங்களை எழுதிப் படித்துச் சரிபார்க்கிறது. அது காட்டும் ஒரே ஒரு பிழையும் உறுதியான சான்று; பிழை எதுவும் காட்டாதது மட்டும் ராம் குற்றமற்றது என்பதற்குச் சான்றாகாது.

சந்தேகப் பட்டியலில் மிகவும் வியப்பூட்டுவது, கணினி கடும் வேலையில் இருக்கும்போது அல்லாமல், திரையை அப்படியே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் வரும் முடக்கம். இன்றைய மையச்செயலிகள் வேலையில்லாதபோது தங்கள் கருக்களை ஒவ்வொன்றாக உறங்கவைத்து மின்நுகர்வை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துவிடுகின்றன. 2013-இல் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் செயலிகள் ஆழ்ந்த உறக்கநிலையில் 12 வோல்ட் இணைப்பிலிருந்து 0.05 ஆம்பியர் மட்டுமே இழுக்கக்கூடியவை. அதற்கு முந்தைய எஸ்.எம்.பி.எஸ். வடிவமைப்பு வழிகாட்டியோ குறைந்தது 0.5 ஆம்பியராவது இழுக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டது. மலிவான பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 12 வோல்ட், 5 வோல்ட் ஆகிய இரண்டையும் ஒரே சுற்று சேர்த்துச் சீர்செய்கிறது. ஒன்றின் சுமை அடியோடு விழுந்து மற்றதன் சுமை அப்படியே இருந்தால், சீராக்கும் முயற்சியே மின்னழுத்தத்தை வரம்புக்கு வெளியே தள்ளிவிடும். 2017-இல் வெளிவந்த முதல் தலைமுறை ரைசன் செயலிகளிலும், குறிப்பாக லினக்ஸ் பயனர்களிடையே, சும்மா இருக்கும்போது உறையும் முறையீடுகள் எழுந்தன. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்ற அமைப்பை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றுவது அதற்குப் பரிகாரமாகப் பரவியது. வேலையற்ற வேளையில் மட்டும் உறையும் கணினியில் இந்த உறக்கநிலைகளைத் தற்காலிகமாக அணைத்துப் பார்ப்பது, ஒரு ரூபாயும் செலவில்லாத சிறந்த சோதனை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மல்டிமீட்டரால் அளந்து ‘12 வோல்ட் வருகிறது’ என்று விடுவித்துவிடுவது போதாது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 11.4 முதல் 12.6 வோல்ட் வரை. ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி, அதன்மேல் நுண்வேகத்தில் ஏறி இறங்கும் அலைவை அது காட்டாது. அந்த அலைவை விழுங்குவதற்கென்று வைக்கப்பட்டிருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள், அவற்றுள் இருக்கும் திரவம் வற்ற வற்ற வலுவிழக்கின்றன; வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 2000-களின் முற்பகுதியில் தரமற்ற மின்பகுளி நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் எண்ணற்ற மதர்போர்டுகளைப் பழுதாக்கின. பழைய மதர்போர்டில் மையச்செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலையில் சிலுவைபோல வெட்டிய கோடு இருக்கும்; தட்டையாக இருக்கவேண்டிய அந்தத் தலை சற்றே உப்பியிருந்தாலோ, கோட்டில் பழுப்பு நிறப் பொருக்கு தென்பட்டாலோ சோதனைக்கு வேறு கருவி தேவையில்லை.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மையச்செயலி சூடேறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கணினியை அணைத்துவிடும். ஆகவே தூசியைத் துடைப்பது எப்போதும் நல்லதென்றாலும், அணையாமல் உறையும் கணினிக்கு வெப்பம் நேரடிக் காரணமாக இருப்பது குறைவு. மையச்செயலியே பழுதாவது இன்னும் அரிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் அந்த நம்பிக்கையை அசைத்தன: தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கோரும்படி அவற்றின் உள்நிரல் அமைந்திருந்ததால் சில செயலிகள் நிரந்தரமாகத் தேய்ந்து நிலையிழந்ததை அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே திருத்தம் வழங்கி, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. இந்தத் தலைமுறைச் செயலி உள்ள கணினி உறையத் தொடங்கினால் பயாஸைப் புதுப்பிப்பதே முதல் வேலை.

இத்தனை சந்தேகங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது இழைக்கப்படும் தவறு பொதுவாகப் பொறுமையின்மைதான், அதைக் கணக்கிட்டே காட்டலாம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, முன்பின் தொடர்பின்றி உறையும் கணினியில் ராம் தட்டு ஒன்று கழற்றப்படுகிறது என்று கொள்வோம். மூன்று நாள் முடக்கம் வராவிட்டால் பழுது தீர்ந்தது எனப் பலர் மகிழ்கின்றனர். எதையுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் மூன்று நாள் முடக்கமின்றிக் கழிவதற்கான வாய்ப்பு 37 விழுக்காடு. ஆறு நாளுக்கு அது சுமார் 13.5, ஒன்பது நாளுக்குச் சுமார் 5. சராசரி இடைவெளியைப்போல மும்மடங்கு காலம் காத்திருந்தால்தான் முடிவை ஓரளவு நம்பலாம். எனவே சோதனையைத் தொடங்குமுன் முடக்கங்களின் நாளையும் நேரத்தையும், அப்போது நடந்துகொண்டிருந்த வேலையையும் சில வாரம் குறித்துவைத்துச் சராசரியைக் கண்டுகொள்வது அவசியம். ஒரே நாளில் ராமையும் மாற்றி இயக்கியையும் புதுப்பித்தால் எது பயனளித்தது என்பது ஒருபோதும் தெரியவராது. காத்திருக்கும் காலத்தைச் சுருக்க, செயலியையும் நினைவகத்தையும் தொடர்ந்து முழுச்சுமையில் ஓட்டும் நிரல்களால் முடக்கத்தை அடிக்கடி வரவழைக்க முயலலாம். சும்மா இருக்கையில் வரும் முடக்கத்துக்கு மட்டும் அந்த வழி உதவாது, அதற்கு இரவுகளையே செலவிடவேண்டும். ஒன்பது நாளும் அமைதியாகக் கழிந்தபின் செய்யவேண்டிய கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகின்றனர்: கழற்றிய பாகத்தை அதே துளையில் மீண்டும் மாட்டி, முடக்கம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால், சரியாக அமராத இணைப்பு கழற்றி மாட்டியதில் சீரடைந்திருக்கலாம், அந்தப் பாகத்துக்கு மாற்று வாங்கவேண்டிய தேவை இல்லை. வந்தால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அதைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம்.